கலியாண நாளுக்கு வெந்நீர்க் கிணறு

1

சென்ற ஆனியில் எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்து வருசம் முடிந்தது. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் இப்படியான நாட்களைக் கொண்டாடுகிற வழக்கம் இல்லை. நான் வேலைக்குப் போவேன். சரோவும் வேலைக்குப் போவாள். பின்னேரம் பாயாசம் இருந்தால் அது பெரிய விசயம்.

இந்த முறை மகள் ஆரணி விடவில்லை. அவள் மான்செஸ்டரில் படிக்கிறாள். அங்கிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே வாழ்த்து மட்டை, இரண்டு விமான ரிக்கெற், ஒரு படம். படத்தில் மலை, பழைய கல்லுக் கட்டடங்கள், ஒரு நீச்சல் குளம்.

அன்று பின்னேரம் போன் எடுத்தாள். சரோ போனை மேசையில் வைத்து இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி அமத்தினாள்.

"அம்மா, அது பக்ஸ்டன். இஞ்சை எனக்குக் கிட்டத்தான். ரோமர் காலத்திலையிருந்து சனம் குளிக்கப் போற ஊர். நிலத்துக்குள்ளையிருந்து சூடாத் தண்ணி வருது. உங்கட கன்னியா மாதிரி."

சரோ என்னைப் பார்த்தாள்.

"கன்னியா மாதிரியோ?"

"ஓம். நீங்கள்தானே சொல்லுவீங்கள், ஏழு கிணறு, ஏழு சூடு எண்டு. கூஷலியா இருக்கும் அம்மா."

கூஷலி என்றால் நோர்வேக்காரருக்கு இதம், சுகம் எல்லாம் சேர்ந்தது. அந்த இடத்தில் மகளுக்குத் தமிழ்ச் சொல் வருவதில்லை.

"சரி பிள்ளை, சந்தோசம்" என்று சொல்லிச் சரோ போனை வைத்தாள். வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"கலியாண நாளுக்கு ஆராவது அந்தியேட்டிக் கிணத்துக்குப் போவினமோ?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கன்னியா திருகோணமலைக்குப் பக்கத்தில். சின்னச் சின்னதாய் ஏழு வெந்நீர்க் கிணறுகள். சும்மா குளிக்கவும் சனம் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பிடித்துப் போவார்கள். ஆனால் அந்த ஊர்க்காரருக்கு முதற் காரியம் வேறு. வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கடன் கழிக்கிற அந்தியேட்டி அங்கேதான். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்க உண்டாக்கிய கிணறுகள் என்று கதை. "கன்னியாவுக்குப் போகினம்" என்று கேள்விப்பட்டால், ஆர் செத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மகளுக்கு இது தெரியாது. தாய் அவளுக்குச் சூட்டை மட்டும் சொல்லியிருந்தாள். சனம் எதற்காகப் போகிறது என்று சொல்லவில்லை. நாங்கள் பிள்ளைகளுக்கு ஊரைப் பாதிதான் சொல்லியிருக்கிறோம். செத்தவீட்டுப் பாதியை யார் சொல்லுவது.

2

சரோவின் தகப்பன் அதற்கு முந்திய கார்த்திகையில் திருகோணமலையில் செத்தார். சரோ ஒரே பிள்ளை. தாய் முன்னமே போய்விட்டா. ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் கொள்ளி வைத்தார். அப்போது சண்டையால் கன்னியாப் பக்கம் போக ஏலாது. பாதை சரிவந்த பிறகு செய்வோம் என்று அந்தியேட்டியைத் தள்ளிவைத்தார்கள். பிறகு அந்தத் தம்பியும் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். அந்தியேட்டி நின்றது நின்றபடி.

அந்தியேட்டி முடியும்வரை மீன் இறைச்சி தொடக்கூடாது. முப்பத்தொரு நாள் இருக்கவேண்டிய மரக்கறிச் சாப்பாட்டைச் சரோ எட்டு மாதம் விடவில்லை. எனக்கு மீன் பொரித்துத் தருவாள். தனக்குப் பருப்பும் ஏதாவது கீரையும். குரோருட்டில் முதியோர் இல்லத்துக் குசினியில் அவளுக்கு வேலை. அங்கே மத்தியானத்தில் எல்லோரும் சல்மன் மீன் சாப்பிடும்போது, வயிறு சரியில்லை என்று சொல்லுவாளாம். எட்டு மாதமாக வயிறு சரியில்லாதவளை டொக்டரிடம் போகச் சொல்லி ஆக்கினைப்படுத்தினார்கள்.

ஆண்பிள்ளை இல்லாதவருக்கு மருமகன் செய்யலாம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை. நானும் செய்கிறேன் என்று சொல்லவில்லை.

நான் திருகோணமலைக்குப் பேக்கரி வேலைக்குப் போன யாழ்ப்பாணத்துப் பெடியன். சைக்கிளில் பெட்டி கட்டி வீடு வீடாகப் பாண் கொடுப்பேன். சரோவின் தகப்பன் போஸ்ட் மாஸ்டர். பெயர் கோணாமலை. சரோ என்னோடு வந்த மூன்றாம் நாள் அவர் கன்னியாவுக்குப் போனார். ஏழு கிணற்றிலும் அள்ளித் தலையில் ஊற்றினார். மகளைத் தலைமுழுகிவிட்டேன் என்று கோபத்தில் வாயால் சொல்லுகிறவர்கள் உண்டு. இவர் வாளி கொண்டு போய், மாற்று வேட்டி கொண்டு போய், ஐயரையும் கூட்டிக்கொண்டு போய் முழுகினார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. நான் பாண் கொடுத்த வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார்.

ஆரணி பிறந்த பிறகு மகளோடு கதைக்கத் தொடங்கினார். கடிதம் போட்டார். பேத்தியின் படம் கேட்டார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. போனை நான் எடுத்தால், "சரோ நிக்கிறாவோ?" என்பார். நான் சரோவிடம் கொடுப்பேன். இருபது வருசம் அப்படிப் போனது.

அந்தியேட்டி செய்கிறவன் அதோடு கையைக் கழுவ முடியாது. வருசா வருசம் திவசமும் அவன்தான் கொடுக்கவேண்டும். அது பிள்ளையின் இடம். என்னை மனிதனாகவே எண்ணாதவருக்கு நான் ஏன் பிள்ளையாக வேண்டும்? இதுதான் என் எண்ணம். சரோவிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்றும் இல்லை.

3

எனக்கு நோர்வேப் பாஸ்போட். சரோ இலங்கைப் பாஸ்போட்டை விடவில்லை. அப்பா இருக்கும்மட்டும் மாற்றமாட்டேன் என்றாள். அவர் போன பிறகும் மாற்றவில்லை. ஆகவே அவளுக்கு இங்கிலாந்து விசா வேண்டும். படிவத்தை மகளே கொம்பியூட்டரில் நிரப்பினாள். போகும் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டாள்.

விசா கொடுக்கிற கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நோர்வேப் பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. சிரித்தபடி கேட்டாள்.

"சுற்றுலாவோ?"

"ஓம்" என்றேன்.

"இல்லை" என்றாள் சரோ. "அப்பாவுக்காகப் போறன்."

"உங்கட அப்பா இங்கிலாந்திலையோ?"

"இல்லை. செத்துப் போனார்."

"ஐயோ. இங்கிலாந்திலையோ செத்தவர்?"

"இல்லை. இலங்கையில."

பெண் பேனையைக் கீழே வைத்தாள். எங்களுக்குப் பின்னால் நின்றவர் இருமினார்.

"அப்ப இங்கிலாந்தில என்ன இருக்கு?"

"சுடுதண்ணி" என்றாள் சரோ.

அந்தச் சுடுதண்ணியால் மூன்று கிழமை போனது. இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்புக் கேட்டார்கள். எதற்காகப் போகிறோம் என்று ஒரு கடிதம் கேட்டார்கள். கலியாண நாள் அதுபாட்டுக்குப் போய்விட்டது. மகள் விமான ரிக்கெற்றை ஆடிக்கு மாற்றினாள்.

கந்தோரால் திரும்பும்போது ரெயினில் கேட்டேன்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் நிண்டிருக்கலாந்தானே?"

"பொய் சொல்லி விசா எடுத்துக்கொண்டு போயோ அப்பாவுக்குக் கடன் கழிக்கிறது?"

"ஆர் கழிக்கிறது?"

அவள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் செய்யிறன். நீங்கள் பக்கத்தில நிண்டாப் போதும்."

"பொம்பிளையள் செய்யிறேல்லை."

"செய்ய வேண்டிய ஆம்பிளையள் செய்யாட்டி?"

இறங்கும் இடம் வந்ததும் நான் எழும்பினேன். அவளும் எழும்பினாள்.

4

ஆரணி மான்செஸ்டரில் வேறு மூன்று பிள்ளைகளோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். அவர்களோடு ஆங்கிலம் கதைக்கும்போது அவளுக்கு வேறு குரல். எங்கள் பக்கம் திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறாள். தமிழை எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நான் நினைக்கிறேன். படிப்பு முடிந்தால் ஒஸ்லோவுக்கு வருவாயா என்று கேட்டேன். "பாப்பம் அப்பா" என்றாள். பாப்பம் என்றால் இல்லை. நானும் இருபத்திரண்டு வருசம் முன்னம் என் தாய்க்கு அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் சரோ பெட்டியைத் திறந்தாள். சீலைக்கு மேலே எள்ளுப் பை. கோயில் ஐயரிடம் வாங்கின தர்ப்பை, பேப்பரில் சுற்றி.

"எள்ளுருண்டை செய்யவோ அம்மா? இஞ்சையும் எள்ளு விக்குது."

"உருண்டைக்கில்லை. உன்ர அம்மப்பாவுக்கு."

சரோ கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கன்னியா எதற்கு, முப்பத்தோராம் நாள் என்ன, தான் ஏன் மீன் சாப்பிடுவதில்லை. நான் யன்னலடியில் நின்றேன். தலைமுழுக்கையும் சொன்னாள்.

"அம்மப்பாவோ?" என்றாள் ஆரணி. "என்னோட போனில பாட்டுப் பாடுற அம்மப்பாவோ?"

"கோபத்தில முழுகினவர்" என்றாள் சரோ. "குளிச்சா ஆறும் எண்டு போயிருப்பார்."

"சுடுதண்ணியில குளிச்சா எங்கை கோபம் ஆறும்?" என்றேன்.

சரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு வரவில்லை. அவள் நாங்கள் கொண்டுவந்த படத்தில் இருந்த நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உங்கள் ரெண்டு பேருக்கும் சந்தோசமா இருக்கட்டும் எண்டு..."

"சந்தோசந்தான் பிள்ளை" என்றாள் சரோ. "நீ அனுப்பாட்டி நான் எங்கை போயிருப்பன்?"

5

காலையில் சரோ மகள் வீட்டுக் குசினியில் சோறு வடித்து எடுத்துக்கொண்டாள். ரெயின் ஒரு மணித்தியாலம் மலை ஏறியது. செம்மறி ஆடு, கல்லு மதில், மழை. பக்ஸ்டனிலும் மழை.

பெரிய மனிதர்கள் வந்து நோய் தீரக் குளித்துப் போன ஊராம். அரைவட்டமாக ஒரு நீண்ட மாளிகை. பூட்டிக் கிடந்தது. திருத்துகிறார்கள் என்று பலகை. பக்கத்தில் பெரிய பூங்கா, அதற்குள் ஆறு, ஒரு நாடகக் கொட்டகை. குடை பிடித்த கிழவர் கிழவிகள். ஒருவரும் அவசரப்படவில்லை.

மகள் எடுத்த ரிக்கெற் பூங்காவோடு இருந்த நீச்சல் குளத்துக்கு. நான் ஒஸ்லோவில் பதினொரு வருசமாக நீச்சல் குளம் கழுவுகிறவன். உள்ளே போனதும் கண் மாபிளின் இடுக்குக்குத்தான் போனது. நன்றாகத்தான் கழுவியிருந்தார்கள். மூலைகளில் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரோ இறங்கமாட்டேன் என்றாள். மேலே வாங்குப் பலகையில் மகளோடு இருந்தாள். நான் இறங்கினேன். ஊற்றுத் தண்ணீரைத்தான் விடுகிறார்களாம். மூன்று கிழவிகள் நடக்கிற வேகத்தில் நீந்திக்கொண்டிருந்தார்கள். நெஞ்சளவில் நின்றேன். நீந்த எனக்கு வராது. தண்ணீரைக் கழுவத்தான் தெரியும்.

கடன் செய்கிறவன் தலை முழுகியிருக்க வேண்டும். உடம்பு மட்டும் நனைந்தால் காணாது. மேலே பார்த்தேன். சரோ என்னைப் பார்க்கவில்லை. மடியில் சோற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தாள். கோயிலுக்குக் கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எட்டு மாதத்தில் அவள் மெலிந்துதான் போனாள். அதை அங்கே இருந்துதான் கண்டேன்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். மூன்று தரம்.

வெளியே வந்ததும் அவள் என் தலையைப் பார்த்தாள்.

"தலை நனைச்சனீங்களோ?"

"ஓம்."

"துடையுங்கோ. தடிமன் பிடிக்கும்." தன் துவாயை எடுத்துத் தந்தாள்.

6

பிறகு அங்கத்தைய ஊற்றுக் கிணற்றுக்குப் போனோம். அது கிணறு இல்லை. தெருவோரத்தில் ஒரு கல்லுத் தொட்டி, சிங்க முகம், அதன் வாயால் தண்ணீர். ஆரும் பிடிக்கலாம். அந்தக் கிழமை கிணற்றுக்குப் பூச் சாத்துகிற கிழமையாம். பலகையில் களிமண் அப்பி, பூவிதழ்களை ஒன்றொன்றாகப் பதித்துப் படம் செய்து மேலே வைத்திருந்தார்கள். சரோ கும்பிட்டாள்.

எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் மூன்று பெரிய கானோடு நின்றார். மகளோடு கதை கொடுத்தார். முழங்காலுக்கு இந்தத் தண்ணீர்தான் மருந்தாம்.

"எங்கையிருந்து வாறம் எண்டு கேக்கிறார். நோர்வே எண்டன். நோர்வேயில தண்ணி இல்லையோ எண்டு கேக்கிறார்."

"சொல்லு, இருக்குது, சூடில்லை எண்டு" என்றாள் சரோ.

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கானை இழுத்துவிட்டு எங்களை முன்னால் விட்டார்.

சரோ கையை நீட்டினாள். பிறகு மற்றக் கையையும்.

"இதுவும் சூடில்லை."

"இளஞ்சூடு" என்றேன்.

"கன்னியாவில கடைசிக் கிணத்துக்க கை வைக்கேலாது."

"இதை முதலாம் கிணறு எண்டு வை."

அவள் எள்ளுப் பையை அவிழ்த்தாள். நான் கையைப் பிடித்தேன்.

"இதுக்க போடாதை. குடிக்கிற தண்ணி. சனம் வரிசையில நிக்குது. போத்திலில பிடி, ஆத்தடிக்குப் போவம்."

பூங்காவுக்குள் ஆறு ஒடுக்கம். ஒரு மரத்தடியில் கரை பதிவாக இருந்தது. தெற்கே பார்த்துச் செய்யவேண்டும். வானத்தில் சூரியன் இல்லை. நாயோடு வந்த ஒரு பெண்ணிடம் ஆரணி ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"தெற்கு அந்தத் தேத்தண்ணிக் கடைப் பக்கமாம்."

தேத்தண்ணிக் கடையைப் பார்த்தபடி சரோ சோற்றையும் எள்ளையும் பிசைந்து உருண்டை பிடித்தாள். தர்ப்பையை முறுக்கி மோதிரம் செய்தாள். செய்துவிட்டு அதைத் தன் விரலிலே போடப் பார்த்தாள். மழையில் விரல் விறைத்து அது ஏறவில்லை.

"கொண்டா" என்றேன்.

அவள் தரவில்லை. "இண்டைக்குச் செய்தால் வருசா வருசம் செய்யவேணும். பிறகு என்னை ஏசக்கூடாது."

"தெரியும். கொண்டா."

தந்தாள். எனக்கு மந்திரம் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பேரைச் சொல்லித் தண்ணீர் விட்டால் போதும் என்று ஐயர் சொன்னாராம். ஆரணி குடையை எனக்கு மேல் பிடித்தாள். சரோ போத்திலைச் சரித்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் தண்ணீர் போனது.

"பேரைச் சொல்லுங்கோ."

"கோணாமலை" என்றேன். அந்தப் பெயர் என் வாயால் வந்தது அன்றுதான். அதுவரை 'உன்ர அப்பா'. மூன்று தரம் விட்டேன். என் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கோபம் இருந்தது. தண்ணீரும் விட்டேன். இரண்டையும் ஒரே கையால் செய்ய முடிந்தது.

உருண்டையைக் கரையில் வைத்ததும் எங்கிருந்தோ நாலு தாரா வாத்துகள் வந்துவிட்டன. ஆரணி பதறினாள்.

"அம்மா, தாராவுக்குப் பாண் போடக்கூடாது எண்டு அதில எழுதியிருக்கு!"

"சோறு எண்டு எழுதேல்லைத்தானே?"

"காகமெல்லோ சாப்பிட வேணும்?" என்றாள் ஆரணி.

"காகம் வருமட்டும் உன்ர அம்மப்பா பசியில நிக்கிறதோ?" என்றாள் சரோ. சொல்லிவிட்டு ஈர வாங்கில் இருந்து அழுதாள். எட்டு மாதத்தில் அவள் அழுததை அன்றுதான் கண்டேன். மகள் என்னைப் பார்த்தாள். விடு என்று தலையால் காட்டினேன். தாரா தின்று முடித்துத் தண்ணீரில் இறங்கிப் போகும்மட்டும் நின்றோம்.

மத்தியானம் ரெயின் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கடையில் சரோ பொரித்த மீன் கேட்டாள். முழுத் துண்டு. முள்ளுப் பார்க்காமலே தின்றாள். மா கூடிப்போச்சு என்று குறை சொன்னாள். ஆரணி தன் துண்டில் பாதியையும் அவளுடைய தட்டில் வைத்தாள்.

7

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் வேலை. கார்த்திகை கிட்ட வந்ததும் சரோ கோயிலில் திதி கேட்டு வந்தாள். அது ஒரு வியாழக்கிழமை விழுந்தது. நான் பொறுப்பாளரிடம் போனேன். அவன் என் மகளைவிடக் கொஞ்சம் மூப்பு. நல்ல பெடியன். லீவுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"என்ன காரணம்?"

"செத்தவீட்டுக் காரியம்."

"ஐயோ. ஆர் செத்தது?"

"மனிசியின்ர தகப்பன்."

"எப்ப?"

"போன வருசம்."

அவன் படிவத்தைப் பார்த்தான். அதில் அதற்கு இடம் இல்லை. ஊரில் ஒருவர் செத்தால் ஒவ்வொரு வருசமும் அந்தத் திதிக்கு ஆண்பிள்ளை சமைத்துப் படைத்துத் தண்ணீர் விடவேண்டும் என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். சந்திரனைப் பார்த்துத்தான் நாள் வைப்பது, ஆகவே திகதி மாறும் என்றும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அவருக்கு ஆண்பிள்ளை இல்லையோ?"

"நான்தான்" என்றேன்.

அவன் அதை எழுதினான். எழுதிவிட்டு நிமிர்ந்தான். கொம்பியூட்டரில் முன்கூட்டியே போட்டு வைக்கலாமாம்.

"எத்தனை வருசத்துக்கு வேணும்?"

"நான் இருக்கும்மட்டும்" என்றேன்.